ஊருக்கு ஒரு பூத்: சேர்வராயன் மலையில் ஒரு சிற்றூர் ஓட்டுப் போடும் விதம்

தேர்தல் முடிந்த மறுநாள் ஒரு பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்பது எனக்கு அத்துப்படி. கதவில் வாக்குச்சாவடி எண் அச்சடித்த தாள் ஒரு மூலை பிய்ந்து ஆடிக்கொண்டிருக்கும். வராந்தாவில் சாக்பீஸில் போட்ட இரண்டு அம்புக்குறிகள், ஒன்று உள்ளே போக, ஒன்று வெளியே வர. மூன்றாம் வகுப்பு பெஞ்சில் அரக்குச் சொட்டுகள் உறைந்து கிடக்கும். பிள்ளைகள் காம்பஸ் முனையால் அதைச் சுரண்டிச் சேர்த்து உருண்டை பிடிப்பார்கள். ஆனால் தேர்தல் அன்று அந்தப் பள்ளி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. சேர்வராயன் மலையில் ஒரு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். ஒரு வாக்குப்பதிவு நாளில்கூட அந்த ஊரில் இருந்ததில்லை. வாத்தியார்களுக்குத் தேர்தல் பணி வேறு தொகுதியில்தான் விழும். என் பள்ளியில் இன்னொரு வாத்தியார் மை வைத்துக்கொண்டிருக்கும்போது நான் சங்ககிரிப் பக்கம் எவர் விரலிலோ மை வைத்துக்கொண்டிருப்பேன்.

ஆகவே இது நேரில் கண்ட வாக்குப்பதிவின் கதை இல்லை. முந்தின வாரம் காதில் விழுந்தது, மறுநாள் கேட்டது, பிறகு தேர்தல் ஆணையம் வெளியிடும் பூத் வாரிக் கணக்கில் பார்த்தது, இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த தேர்தலில் அந்த ஊருக்கு என்ன நடக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் பாதி விஷயம்.

சேலத்தில் டீக்கடையில் உட்கார்ந்து மலை ஓட்டைப் பற்றிப் பேச்சு எடுத்தால் இரண்டு விதமான பதில் வரும். "மலைக்காரங்க ரெட்டை எலைக்குத்தான் சார் குத்துவாங்க, வேற சின்னமே தெரியாது" என்பது ஒன்று. "யாரு கடைசியா காசு குடுக்கறானோ அவனுக்கு" என்பது இன்னொன்று. இரண்டையும் சொல்கிறவர்கள் மலையேறினால் ஏரியில் படகு விட்டுவிட்டு லேடீஸ் சீட்டில் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறவர்கள். பத்து வருடம் அங்கே இருந்து நான் பார்த்தது வேறு.

பெயர் மலைக்கு, எண்ணிக்கை கீழே

ஏற்காடு பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. 2008 தொகுதி மறுவரையறைக்குப் பிறகு தமிழ்நாட்டில் அப்படி இரண்டுதான், ஏற்காடும் சேந்தமங்கலமும். முன்பு உப்பிலியபுரமும் இருந்தது. தொகுதியின் பெயரைக் கேட்டால் முழுக்க மலை என்று தோன்றும். ஆனால் 2013இல் தொகுதியின் மொத்த வாக்காளர்கள் சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம். ஏற்காடு வட்டத்தின் மொத்த மக்கள்தொகையே 2011 கணக்கெடுப்பில் 41 ஆயிரத்துச் சொச்சம்தான். அதில் பிள்ளைகளைக் கழித்தால் சேர்வராயன் மலையின் பங்கு எட்டில் ஒன்று தேறினாலே அதிகம். மிச்சமெல்லாம் பெரும்பாலும் கீழே, வாழப்பாடியும் அயோத்தியாப்பட்டணமும் அவற்றைச் சுற்றிய ஊர்களும்தான். வேட்பாளர் பழங்குடியாக இருக்க வேண்டும், ஆனால் அவரை ஜெயிக்க வைப்பது பழங்குடி ஓட்டு இல்லை. இதை மலையில் எல்லோரும் அறிவார்கள். "நம்ம ஆளுதான், ஆனா கீழ இருக்கறவங்க ஆளு" என்று ஒரு பெரியவர் சொன்னார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இங்கே பழங்குடி என்றால் பெரும்பாலும் மலையாளிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை, மலையில் வாழ்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வழி என்று தங்களைச் சொல்லிக்கொள்வார்கள். சேர்வராயன் கோயில் குகைக்கு மே மாதத் திருவிழாவில் மலை முழுக்கக் கூடும். ஊர்க்கவுண்டர், பட்டக்காரர் என்ற பழைய அடுக்கு கலியாணத்துக்கும் சாவுக்கும் பஞ்சாயத்துக்கும் இன்னும் இருக்கிறது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பழைய சேலம், தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, திருச்சி, புதுக்கோட்டை மாவட்டங்களில் மட்டும்தான் மலையாளிகள் பட்டியல் பழங்குடி. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் இருக்கிற அதே சனத்துக்கு அந்தச் சான்றிதழ் இல்லை. பெண் கொடுத்து எடுக்கிறவர்களுக்கு இது தெரியும். சாதிச் சான்றிதழ் என்கிற ஒரு தாள் எப்படி வாழ்க்கையைத் திருப்பும் என்று எங்கள் பள்ளி விண்ணப்பங்களை நிரப்பியபோது தினமும் பார்த்தேன். தேர்தல் பேச்சில் இதுதான் முதலில் வரும், கட்சி அப்புறம்.

நான் சொல்லும் ஊரில் நூறு வீட்டுக்குக் கீழேதான். அரைக் கிலோமீட்டர் கீழே ஓர் எஸ்டேட்டின் லைன் வீடுகள். அங்கே இருப்பவர்களில் பலர் சமவெளியிலிருந்து தலைமுறைகளுக்கு முன் காப்பி பறிக்க வந்தவர்கள், சிலர் கிறிஸ்தவர்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்த பிறகு இந்த மலையில் இரண்டு விதமான ஊர்கள் உண்டாகின: மலைக்காரர் ஊர், லைன். என் பள்ளி இரண்டுக்கும் நடுவில். பூத் ஒன்றுதான். இந்த 'ஒன்றுதான்' முக்கியம்.

இலை, சேவல், முரசு

மலை ஓட்டு இலை ஓட்டு என்பது முழுப் பொய் இல்லை. தொகுதிக் கணக்கை எடுத்துப் பார்த்தால் 1989இல் அ.தி.மு.க. இரண்டாக உடைந்து, சின்னம் முடக்கப்பட்டு, ஜெயலலிதா அணிக்குச் சேவலும் ஜானகி அணிக்கு இரட்டைப் புறாவும் கிடைத்த தேர்தலில், மாநிலம் தி.மு.க. பக்கம் போனபோது ஏற்காடு சேவலுக்குப் போட்டது. 2021இலும் அப்படித்தான், ஆட்சி மாறியது, ஏற்காட்டில் சித்ரா இரண்டாம் முறையாக இலையில் ஜெயித்தார். ஆனால் நடுவில் இருப்பதைப் பாருங்கள். 1991 அ.தி.மு.க., 1996 தி.மு.க., 2001 அ.தி.மு.க., 2006 தி.மு.க., 2011 அ.தி.மு.க., 2016 அ.தி.மு.க. கால் நூற்றாண்டு முழுக்க ஆட்சிக்கு யார் வந்தார்களோ அவர்கள் பக்கமே இந்தத் தொகுதி. சின்னத்தில் கட்டுண்ட சனம் இப்படி மாற்றி மாற்றிப் போடாது. தொகுதியின் பெரும்பகுதி கீழே என்பதால் இதை மலையின் கணக்காக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் ஊருக்குள் கேட்ட பேச்சும் இதற்கு ஒத்துப்போனது. "ஜெயிக்கற பக்கம் இருந்தா ரோடு வரும். தோக்கற பக்கம் இருந்தா அஞ்சு வருசம் யாரைப் போயி கேக்கறதுங்க?" இதைச் சொன்னவர் வீட்டுச் சுவரில் எம்.ஜி.ஆர். படம் மாட்டியிருந்தார். 2006இல் சூரியனுக்குப் போட்டதாக அவரே சொன்னார். எம்.ஜி.ஆர். கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று விளையாட்டாகக் கேட்டேன். "அவரு இருந்திருந்தா அவருக்குத்தான் போட்டிருப்பேன். அவரு இல்லீங்களே" என்றார்.

வயதானவர்களுக்குச் சின்னம் வேறு மாதிரி. அவர்கள் கட்சிப் பெயரைச் சொல்வதே இல்லை. எலை, சூரியன், மாம்பழம், அவ்வளவுதான். 2019 மக்களவைத் தேர்தல் இவர்களைக் குழப்பியது. 2009 தேர்தலிலிருந்து ஏற்காடு கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதிக்குள் இருக்கிறது. சேலத்தை ஒட்டி இருக்கும் மலைக்கு எம்.பி. கள்ளக்குறிச்சிக்காரர். மலையில் பலருக்கு எம்.பி. என்று ஒருவர் இருப்பதே தேர்தலுக்குத் தேர்தல்தான் ஞாபகம் வரும். 2019இல் அ.தி.மு.க. கூட்டணியில் அந்தத் தொகுதி தே.மு.தி.க.வுக்குப் போனது. மெஷினில் இலையே இல்லை, முரசுதான். தி.மு.க. கிட்டத்தட்ட 4 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. 2024இல் அதே தொகுதியில் அ.தி.மு.க.வே நின்றது, இலை திரும்பி வந்தது, தி.மு.க.வின் வித்தியாசம் 50 ஆயிரத்துச் சொச்சமாகச் சுருங்கியது. அலை, கூட்டணி, வேட்பாளர் என்று நூறு காரணம் சொல்லலாம், எல்லாமே உண்மையாக இருக்கலாம். ஆனால் 2019 தேர்தலுக்கு மறுநாள் சத்துணவுக் கூடத்துத் திண்ணையில் ஒரு ஆயா என்னிடம் சொன்னதை நான் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் படித்ததில்லை: "எலையத் தேடுனேன் சாமி. மேல இருந்து கீழ ரெண்டு தடவ தேடுனேன். பின்னால நிக்கறவங்க சத்தம் போட்டாங்க. கடைசில சூரியன அமுக்கிட்டு வந்துட்டேன், அதாவது தெரிஞ்ச மொகமாச்சே."

2013 டிசம்பர்

ஏற்காட்டு எம்.எல்.ஏ. பெருமாள் 2013 ஜூலையில் இறந்தார். டிசம்பர் 4 இடைத்தேர்தல். அவர் மனைவி சரோஜா அ.தி.மு.க. வேட்பாளர், தி.மு.க.வில் மாறன். மற்ற பெரிய கட்சிகள் ஒதுங்கிக்கொண்டன. அமைச்சர்கள் ஊர் ஊராக முகாம் போட்டார்கள். அதுவரை ஜீப்பே வராத திருப்பங்களில் வெள்ளைக் கார்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றன. தார்ச் சாலைக்கு ஜல்லி இறங்கியது. பாதி தூரம் ஜல்லி கொட்டிய நிலையில் தேதி அறிவிப்பு வந்து நடத்தை விதிகள் அமலாகி வேலை நின்றது. அந்த ஜல்லியில் எங்கள் பிள்ளைகள் ஒரு வருடம் தடுக்கி விழுந்தார்கள்.

டிசம்பர் காப்பிப் பழம் பறிக்கும் மாதம். நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை விடிந்தால் எல்லோரும் காட்டில். அந்த நாட்களில் கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் ஆள் இருக்க மாட்டார்கள். அதனால் ராத்திரி வந்தார்கள். பணம் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது என்று ஊரில் சொன்னார்கள், நான் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் வாங்கியவர்கள் இருந்தார்கள், வாங்காதவர்களும் இருந்தார்கள். வாங்கியதற்கும் போட்டதற்கும் நேர்க்கோடு போட முடியாது என்பது மட்டும் எனக்குத் தெரியும். "குடுத்தா வாங்கிக்கறதுதாங்க, அவங்க ஊட்டுப் பணமா அது" என்ற ஒரு வரியில் இந்த ஊர் இதை முடித்துவிடும். பணத்தைப் பற்றி ஊர் பேசியதைவிடப் பட்டுவாடா பட்டியலில் தங்கள் வீடு விட்டுப்போனதைப் பற்றிப் பேசியதுதான் அதிகம். விடுபட்ட வீடு, மதிக்கப்படாத வீடு. அந்தக் கோபம் ஓட்டாக மாறும்.

வாக்குப்பதிவு கிட்டத்தட்ட 90 சதவீதம். சரோஜா 1,42,771, மாறன் 64,655, வித்தியாசம் 78,116. நோட்டா 4,431.

இந்தக் கடைசி எண்ணில்தான் எனக்கு ஆர்வம். 2013 செப்டம்பர் 27ஆம் தேதித் தீர்ப்பில்தான் உச்ச நீதிமன்றம் நோட்டா பட்டனுக்கு வழி செய்தது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டன் முதலில் வந்தது இந்தத் தொகுதியில்தான், டில்லி சட்டமன்றத் தேர்தல் நடந்த அதே நாளில். பத்திரிகைகள் இதை அதிருப்தி ஓட்டு என்று எழுதின. சரிதான். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நோட்டாவுக்குச் சின்னம் வந்தது 2015இல். 2013இல் மெஷினின் கடைசி வரியில் எழுத்து மட்டும்தான், படம் இல்லை. எழுத்துத் தெரியாத ஒருவருக்கு அது பெயரில்லாத, படமில்லாத, காலியான ஒரு பட்டன். தெரிந்தே அமுக்கியவர்கள் எத்தனை பேர், தடுமாறி அமுக்கியவர்கள் எத்தனை பேர் என்று பிரிக்க வழியில்லை.

ஆனால் எங்கள் ஊரில் அதைத் தெரிந்தே அமுக்கிய ஒருவனை எனக்குத் தெரியும். முன்பு என்னிடம் படித்தவன், அப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. ஓட்டுக்காகப் பஸ் ஏறி வந்திருந்தான். ஏன்டா அதை அமுக்கினாய் என்றேன். "ரெண்டு பேருல யாரு ஜெயிப்பாங்கன்னு எல்லாருக்கும் தெரியும் சார். நான் போட்டாலும் போடலைன்னாலும் ஒண்ணுதான். ஆனா நம்ம பூத்துல நோட்டா எத்தனைன்னு தனியா வரும்ல, அது வரட்டும்னு போட்டேன்." பூத்துல தனியா வரும். அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாலு நிறச் சீட்டு

2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. ஒருவருக்கு நான்கு சீட்டு: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். கடைசி இரண்டில்தான் கட்சிச் சின்னம். முதல் இரண்டும் கட்சி இல்லாத தேர்தல், சின்னமாகப் பூட்டுச் சாவியும் ஆட்டோவும் கிடைக்கும். சட்டமன்றத் தேர்தலில் ஒரு பட்டனில் முடிந்துபோகும் விஷயம் இங்கே நான்காக மடித்துப் பெட்டிக்குள் போகிறது.

இந்தத் தேர்தலைப் பார்க்காமல் இந்த ஊரின் அரசியலைப் பற்றிப் பேசுவதே வீண். பச்சையிலும் மஞ்சளிலும் இலைக்கோ சூரியனுக்கோ போட்டுவிட்டுப் போகிறார்கள், அதற்கு ஐந்து நிமிட யோசனை. வெள்ளைச் சீட்டுக்கு ஐந்து வாரம் தூங்குவதில்லை. ஏனென்றால் அங்கே நிற்பவர் பங்காளியாக இருப்பார், அல்லது மாமன் மச்சானாக. யாருக்குப் போடவில்லையோ அவர் வீட்டு விசேஷத்துக்கு நாளை போக வேண்டும். அந்த வருடம் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. 2016 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. ஊர்க்கவுண்டர் கோயில் முன்னால் கூட்டம் போட்டு ஒரு பெயரைச் சொன்னார், போட்டியில்லாமல் முடித்துவிடலாம் என்று. அந்தப் பெயர் அவர் பங்காளி வீட்டு மருமகள்.

கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை. மனுத் தாக்கல் முடியும் நாளில் பார்த்தால் மூன்று பெண்கள் மனுப் போட்டிருந்தார்கள். ஒருவர் லைன் வீட்டிலிருந்து. இன்னொருவர் மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிற, எட்டாவது வரை படித்த பெண். என் பள்ளியின் பழைய மாணவி. புருஷன் உட்பட வீட்டில் யாருக்கும் முதலில் இஷ்டமில்லை. அவர் பிரச்சாரம் என்று ஒன்றும் செய்யவில்லை. குழு லோன் தவணை வாங்க வீடு வீடாகப் போனார், அவ்வளவுதான், வாரா வாரம் போகிற மாதிரி. அவர் பேசியது ஒரே விஷயம்: மேல் தெருவுக்கு வரும் குழாய் லைனில் வால்வு எங்கே இருக்கிறது, அதன் சாவி யார் வீட்டில் இருக்கிறது.

தண்ணீர் வால்வின் சாவி ஊர்க்கவுண்டரின் பங்காளி வீட்டில் இருந்தது. மாமன் மச்சான் தெருவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் சாயங்காலம் கொஞ்ச நேரம். இது பல வருடமாக நடப்பது, யாரும் அதை அரசியல் என்று நினைத்ததே இல்லை. அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த சின்னம் பூட்டுச் சாவி. தேர்தல் அதிகாரி ஒதுக்கியது தற்செயல்தான். ஊருக்குள் அது தற்செயலாகத் தெரியவில்லை.

அவர் ஜெயித்தார். லைன் வீட்டுப் பெண்ணுக்கு லைன் ஓட்டு மொத்தமாக விழும் என்று நினைத்திருந்தார்கள், விழவில்லை. லைனுக்கும் அதே குழாய்தான். அதே நாளில், அதே ஆட்கள், பச்சைச் சீட்டில் வழக்கம்போலப் போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தார்கள். கட்சி வேறு, குழாய் வேறு. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் நிறுத்திப் பார்ப்பவர்கள்தான் 'மலைக்காரர்கள் யோசிக்க மாட்டார்கள்' என்று சொல்கிறார்கள். எனக்கு என்னவோ கீழே நகரத்தில் வார்டு கவுன்சிலர் பெயர் தெரியாத என் தெருக்காரர்களைவிட இவர்கள் யோசித்துத்தான் போட்டதாகத் தோன்றியது.

படிவம் 20

இப்போது அந்தத் திருப்பூர்ப் பையன் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். தேர்தல் முடிந்த பிறகு தேர்தல் அதிகாரி தயார் செய்யும் இறுதி முடிவுத் தாளுக்குப் படிவம் 20 என்று பெயர். ஒவ்வொரு பூத்திலும் ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை ஓட்டு என்று அதில் வரிசையாக இருக்கும். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். நகரத்தில் ஒரு பூத் என்பது இரண்டு தெரு, ஆயிரம் பேர், யார் என்ன போட்டார் என்று யாருக்கும் தெரியாது. மலையில் ஒரு பூத் என்றால் ஓர் ஊர். தனி ஆளின் ஓட்டு ரகசியம்தான். ஊரின் ஓட்டு ரகசியம் இல்லை.

பெட்டியில் சீட்டுப் போட்ட காலத்தில் பல பூத்துகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண விதியில் இடம் இருந்தது. 2001இல் தமிழ்நாடு முழுக்க மெஷின் வந்த பிறகு ஒவ்வொரு மெஷினாக எண்ணுகிறார்கள், எண் தனித்தனியாக வெளியே வருகிறது. பல மெஷின்களின் ஓட்டை ஒன்றாகக் கூட்டிச் சொல்லும் டோட்டலைசர் என்ற கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இல் முன்வைத்தது. 2015இல் சட்ட ஆணையம் தன் 255ஆவது அறிக்கையில் அதைப் பரிந்துரைத்தது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

இப்படி பூத் வாரியாக எண் வெளியே வருவதை, ஓட்டுப் போட்டவர்களைப் பழிவாங்க வழிவகுக்கும் பொத்தல் என்று சட்டம் படித்தவர்கள் சொல்வார்கள். அந்தப் பயம் வெறும் பயம் இல்லை. 2016 தேர்தலுக்குப் பிறகு எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஒரு வேலையாகக் கீழே கட்சிக்காரர் ஒருவரைப் பார்க்கப் போனார். கையில் படிவத்தின் நகலை வைத்துக்கொண்டு "உங்க பூத்துல எங்களுக்கு எத்தன விழுந்துச்சு தெரியுமா" என்று அந்தக் கட்சிக்காரர் கேட்டாராம். போனவர் திரும்பி வந்து லைன்காரர்கள்தான் கவிழ்த்துவிட்டார்கள் என்றார். லைனில் கேட்டால் மலைக்காரர்கள்தான் என்றார்கள். ஒரே பூத் என்பதால் இரண்டு பேருமே தப்பித்துக்கொள்ள முடிந்தது. இரண்டு பேருமே மாட்டிக்கொள்ளவும் முடிந்தது.

ஆனால் இந்த ஊர் அதைத் தலைகீழாகவும் பயன்படுத்தும். 2021க்கு முன்னால் ஊர்க்கூட்டத்தில் பேசியதை எனக்கு அப்படியே சொன்னார்கள். யாருக்குப் போடுவது என்பதில்லை பேச்சு. எப்படிப் போட்டால் எண் பளிச்சென்று தெரியும் என்பதுதான். ஓட்டு பாதிக்குப் பாதி பிரிந்தால் எவரும் ஊரைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் ஜெயித்தவரிடம் கேட்கலாம், தோற்றவரும் அடுத்த முறை கூடுதலாக வந்து கேட்பார். தொகுதியில் எட்டில் ஒரு பங்காக இருக்கிற மலைக்கு, அந்த எட்டில் ஒரு துளியாக இருக்கிற ஊருக்கு, ஓட்டால் ஜெயிக்க வைக்கும் சக்தி கிடையாது. கண்ணில் படும் சக்தி மட்டும்தான் உண்டு. மலை மொத்தமாகக் குத்தும் என்று டீக்கடையில் சொல்வது இதன் வெளித்தோற்றம். உள்ளே நடப்பது பேரம். அரசியல் சாசனத்தின் ஐந்தாவது அட்டவணைப்படி பழங்குடிப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடம் தமிழ்நாட்டில் ஒன்றுகூடக் கிடையாது. பழங்குடி ஊராட்சிகளுக்கான தனிச் சட்டம் இங்கே பொருந்தாது. வன உரிமைப் பட்டா விஷயம் 2016 வரை நீதிமன்றத்தில் கிடந்தது. வேறு எந்தக் கதவும் திறக்காத இடத்தில் படிவம் 20இல் வரும் ஒரு வரிதான் இவர்கள் கையில் இருக்கிற மனு.

பேரம் எப்போதும் பலிப்பதில்லை. 2021இல் ஊர் பேசிவைத்தபடி பெரும்பாலும் ஒரு பக்கம் சாய்ந்தது, அந்த வேட்பாளர் ஜெயித்தார், கட்சி தோற்றது. சேலம் மாவட்டத்தில் 11 தொகுதிகளில் 10இல் அ.தி.மு.க. கூட்டணி, ஆட்சி மட்டும் எதிர்ப்பக்கம். கால் நூற்றாண்டு பலித்த கணக்கு அந்த முறை தப்பியது. "எம்.எல்.ஏ. நம்ம பக்கம், கவர்மெண்ட்டு அந்தப் பக்கம், நாம நடுவுல" என்று சிரித்தார்கள். 2023 செப்டம்பரில் மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை பெண்கள் கணக்கில் விழத் தொடங்கியபோது பேரத்தின் உருவமே கொஞ்சம் மாறியது. ரோடு ஊருக்கு வரும், அதை ஊர்தான் கேட்க வேண்டும். ஆயிரம் ரூபாய் ஆளுக்கு வருகிறது. அதற்கு ஊர்க்கவுண்டரும் வேண்டாம், பூத்தும் வேண்டாம்.

பிரிக்கலாமா, வேண்டாமா

நான் பணி மாறுதலில் கீழே வந்துவிட்டேன். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்துக்காக வீடு வீடாகப் படிவம் கொடுத்தபோது மேலே போயிருந்தேன். மறுபடியும் காப்பிப் பழ நேரம். ஆட்கள் காட்டில், படிவங்கள் கதவு இடுக்கில். பழைய பட்டியலில் அப்பா பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று தேடித் தர என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே ஆள் மூன்று தேர்தலில் மூன்று எழுத்தில் இருந்தார்.

அந்தச் சமயம் ஊரில் ஓடிய பேச்சு வேறு. ஒரு பூத்துக்கு 1,200 பேருக்கு மேல் கூடாது என்று பூத்துகளைப் பிரித்து அமைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பூத்துக்கு அந்த எண்ணிக்கை இல்லை. ஆனால் இதுதான் சமயம் என்று ஊர்க்கவுண்டரின் மகன் ஒரு மனு எழுதி வைத்திருந்தார்: லைனையும் ஊரையும் பிரித்து ஊருக்குத் தனி பூத் வேண்டும், வயதானவர்களுக்குத் தூரம் அதிகம். மனுவில் பிழை திருத்தித் தரச் சொன்னார். பள்ளிக்கூடம் ஊரிலிருந்து நடக்கிற தூரம்தான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"தனியா வந்தாத்தான் சார் நம்ம கணக்கு தெரியும். இப்ப லைன்காரங்களோட கலந்து போயிடுது."

குழாய் வால்வுக்கு ஜெயித்த அந்தப் பெண்ணும் அங்கே இருந்தார். ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து தனி அலுவலர் நிர்வாகம் வந்துவிட்டது, அவர் இப்போது முன்னாள் உறுப்பினர். மனுவை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"கலந்து போறதுதான் சார் எனக்கு நல்லது. போன தடவ என் வெள்ளச் சீட்டுல யாரு போட்டாங்க, யாரு போடலைன்னு மேல் தெருவுல இன்னும் கணக்குப் போட்டுட்டு இருக்காங்க. லைன் ஓட்டும் சேந்து வந்ததாலதான் அவங்களால கண்டுபிடிக்க முடியல."

மனுவில் இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. திருத்திக் கொடுத்துவிட்டு இறங்கினேன். அவர்கள் அதைக் கொடுத்தார்களா என்று கேட்கவில்லை.